'ஐ'யும் 'மீ'யும்

ஆங்கிலத்தில் மிகச் சிறிய சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று 'ஐ', மற்றொன்று 'மீ'. சிறு வகுப்பிலேயே இவற்றைக் கற்றுவிடுகிறோம். 'ஐ என்றால் நான். மீ என்றால் என்னை' என்று ஒப்புவித்து ஆசிரியரின் பாராட்டையும் பெற்றுவிடுகிறோம். ஆனால் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு வந்து, நான்கு பெரியவர்கள் முன்னிலையில் வாய் திறக்கும் வேளையில், இந்த இரு குறுஞ்சொற்களே நம் காலை வாரிவிடுகின்றன.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். நான் வேதியியல் மாணவன். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, மேற்படிப்புக்காகப் புனே வந்தவன். வந்த முதல் ஆண்டில் கோடைகாலப் பயிற்சி ஒன்றுக்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். என் அறிக்கையிலிருந்த சோதனை ஒன்றைக் காட்டி, "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டார்கள். "மை ஃபிரெண்ட் அண்ட் மீ டிட் இட்" என்றேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர், "மீ டிட் இட்?" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதன்பின் கேட்ட கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தும், முழு வாக்கியம் ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை.

அன்றே ஒரு விரதம் பூண்டேன். 'அண்ட்' என்னும் சொல்லுக்குப் பின் இனி ஒருபோதும் 'மீ' வரக் கூடாது! ஆறு திங்கள் அவ்விரதத்தைக் காத்தேன். பிறகு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதினேன். 'பேராசிரியர் என் நண்பனையும் என்னையும் வழிநடத்தினார்' என்னும் பொருளில், "தி புரொபசர் கைடட் மை ஃபிரெண்ட் அண்ட் ஐ" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்த மூத்த மாணவர் 'ஐ'யைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'மீ' என்று எழுதித் தந்தார்.

முன்பு 'மீ' தவறு என்றார்கள். இப்போது 'ஐ' தவறு என்கிறார்கள். எதுதான் சரி? அந்தக் குழப்பத்துக்கு எனக்கு எங்கே தெளிவு கிடைத்தது தெரியுமா? பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த தமிழ் இலக்கணத்தில்! வேற்றுமை உருபுகளை அறிந்த தமிழ் மாணவன் ஆங்கிலத்தின் இச்சிறு சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதே இல்லை. இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

புனேயில் ஒரு புதிய சிக்கல்

சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் நமக்குத் தமிழும் ஆங்கிலமுமாக இரு மொழிகளோடு பொழுது போய்விடும். இங்கே மராத்தியும் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. விடுதியில் நம் அறைக் கதவைத் தட்டும் மராத்தி நண்பன் "மீ ஆலோ" என்கிறான். 'நான் வந்துவிட்டேன்' என்பது பொருள். மராத்தியில் 'மீ' என்றால் 'நான்'. 'என்னை' என்பதற்கும் 'எனக்கு' என்பதற்கும் அவர்கள் சொல்லுவது 'மலா'.

இப்போது தமிழைப் பாருங்கள். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு எது? 'ஐ'! கண்ணன் + ஐ = கண்ணனை. செயப்படுபொருளைக் காட்டுவதற்கென்றே அமைந்த உருபு அது.

ஆக, ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்கும் 'ஐ' என்னும் ஒலி, தமிழில் செயப்படுபொருளின் அடையாளம். ஆங்கிலத்தில் செயப்படுபொருளாக நிற்கும் 'மீ' என்னும் ஒலி, மராத்தியில் எழுவாய். இவற்றுள் 'ஐ'யின் ஒற்றுமை ஒலியால் மட்டும் நேர்ந்தது. அதில் உறவு தேட வேண்டா. ஆயினும் இம்மூன்று மொழிகளுக்கும் நடுவே வாழும் நம்மைப் போன்றவர்களின் நா சற்றுத் தடுமாறினால் அதில் வியப்பில்லை அன்றோ?

தாய்மொழி தடையா, துணையா?

'ஆங்கிலம் நன்றாக வர வேண்டுமானால் ஆங்கிலத்திலேயே சிந்தி. தாய்மொழியை மற' என்று நமக்கு அறிவுரை கூறுவோர் பலர். இந்நகரின் அனுபவம் வேறு. அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளுக்குச் சென்று, 'தர்க்கட்கர் பாஷாந்தர் பாடமாலை' வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மராத்தி மாணவர்கள் ஆங்கிலம் கற்ற நூல் வரிசை அது. தாய்மொழி வாக்கியத்தை ஆங்கிலமாக்கியும், ஆங்கில வாக்கியத்தைத் தாய்மொழியாக்கியும் பழகுவதே அதன் வழி.

அறிஞர் உலகமும் இதை ஆராய்ந்திருக்கிறது. 1957இல் அமெரிக்க மொழியியலார் ராபர்ட் லாடோ, கற்பவனுடைய தாய்மொழியையும் அவன் கற்கும் மொழியையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஒரு நூலில் விளக்கினார். இரண்டும் ஒத்திருக்கும் இடம் எளிது. வேறுபடும் இடம் கடினம் என்பது அவர் கருத்து. எல்லாப் பிழைகளையும் இவ்வாறு முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் ஒப்பிட்டுக் கற்பது நல்ல தொடக்கம் என்பதில் ஐயமில்லை. அதே 1950களில், நம் நகரின் டெக்கான் கல்லூரியில், எஸ். எம். கத்ரே இயக்குநராக இருந்த காலத்தில், ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மொழியியல் பயிற்சிப் பள்ளிகள் நடைபெற்றன. இந்திய மொழிகளைப் புதிய முறையில் ஆராயும் இளைஞர் கூட்டம் ஒன்று அங்கே உருவாயிற்று. மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்நகருக்குப் புதிதன்று.

நாமும் அவ்வாறே பார்ப்போம்.

ஆங்கிலம் இழந்ததும் காத்ததும்

தமிழில் 'கண்ணன் முருகனைப் பார்த்தான்' என்றாலும், 'முருகனைக் கண்ணன் பார்த்தான்' என்றாலும் பொருள் ஒன்றே. சொற்களை எப்படி மாற்றி வைத்தாலும் 'ஐ' உருபு முருகனோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், பார்க்கப்பட்டவன் முருகன் என்பது மாறுவதில்லை.

ஆங்கிலத்தில் அப்படியன்று. 'கண்ணன் சா முருகன்' என்றால் பார்த்தவன் கண்ணன். 'முருகன் சா கண்ணன்' என்றால் பார்த்தவன் முருகன். பெயரில் எந்த மாற்றமும் இல்லை. நிற்கும் இடமே பொருளை முடிவு செய்கிறது.

ஆனால் ஆங்கிலம் எக்காலத்தும் இப்படி இருந்ததில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் உண்டு. அன்று 'அவனை' என்பதற்கு 'ஹினே' என்றும், 'அவனுக்கு' என்பதற்கு 'ஹிம்' என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்தன. 'ஹினே' மறைந்தது, 'ஹிம்' இரண்டு வேலைகளையும் ஏற்றது. பெயர்ச்சொற்கள் வேற்றுமையை இழந்து, உடைமையைக் காட்டும் 'ஸ்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டன.

மூவிடப் பெயர்கள் மட்டும் பழைய வேறுபாட்டைச் சிறிது காத்துக்கொண்டன. பாறையில் பதிந்த தொல்லுயிர் எச்சம்போல, இறந்துபோன ஓர் இலக்கணத்தின் எச்சங்கள் அவை. இன்று எஞ்சியிருப்பவை ஆறே இணைகள்:

ஐ – மீ
ஹீ – ஹிம்
ஷீ – ஹர்
வீ – அஸ்
தே – தெம்
ஹூ – ஹூம்

ஒவ்வோர் இணையிலும் முதலில் நிற்பது எழுவாய் வடிவம். அடுத்தது செயப்படுபொருள் வடிவம். 'இட்' என்பது இரு நிலையிலும் மாறுவதில்லை. 'யூ'வும் மாறுவதில்லை. அதன் கதை சுவையானது. முற்காலத்தில் 'யீ' என்பது எழுவாய். 'யூ' என்பது செயப்படுபொருள் வடிவம். பிறகு 'யூ'வே எழுவாயின் இடத்தையும் பிடித்துக்கொண்டு 'யீ'யை வெளியேற்றிவிட்டது. ஒரு காலத்தில் பிழையாகத் தோன்றியிருக்கக்கூடியதே இன்று இலக்கணம்!

எட்டும் இரண்டும்

தமிழ் வேற்றுமை எட்டு என்பது நாம் அறிந்ததே. தொல்காப்பியர் காலம் முதல் இக்கணக்கு நமக்கு உண்டு. முதல் வேற்றுமை எழுவாய், எட்டாவது விளி. இடையிலுள்ள ஆறுக்கும் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்பன உருபுகள்.

இந்த எட்டுக்குள் ஆங்கிலத்தின் இரு வடிவங்களையும் எளிதில் அடக்கிவிடலாம்.

முதல் வேற்றுமை: நான். இதற்கு 'ஐ'.
இரண்டாவது: என்னை. இதற்கு 'மீ'.
மூன்றாவது: என்னால், என்னோடு. 'பை மீ', 'வித் மீ'.
நான்காவது: எனக்கு. 'டு மீ', 'ஃபார் மீ'.
ஐந்தாவது: என்னிடமிருந்து. 'ஃபிரம் மீ'.
ஆறாவது: என்னுடைய. இது மட்டும் தனி, 'மை'.
ஏழாவது: என்னிடத்தில், என்கண். 'இன் மீ', 'அட் மீ'.

காண்கிறீர்களா? நாம் உருபைச் சொல்லின் பின்னே ஒட்டுகிறோம். ஆங்கிலேயர் அதற்கு நிகரான சிறு சொல்லை முன்னே வைக்கிறார்கள். நாம் 'நான்' என்பதை விட்டு 'என்' என்னும் வடிவுக்கு மாறும் இடங்களில் அவர்கள் 'ஐ' என்பதை விட்டு 'மீ'க்கு (ஆறாவதில் 'மை'க்கு) மாறுகிறார்கள். ஆகவே இரு மொழிகளின் உள்ளமைப்பும் இங்கே ஒன்றாகவே இருக்கிறது.

'நானை' உண்டா?

இனி என் இரு பிழைகளுக்கும் வருவோம். 'கைடட் ஐ' என்று எந்த மாணவனும் எழுதமாட்டான். 'மீ டிட் இட்' என்றும் தனியே சொல்லமாட்டான். இடையில் 'மை ஃபிரெண்ட் அண்ட்' என்று இன்னொருவன் வந்து சேர்ந்தவுடன்தான் தடுமாற்றம் பிறக்கிறது. ஏன்? வினைக்கும் சொல்லுக்கும் நடுவே தூரம் வந்துவிடுகிறது. காது வழிகாட்டுவதை நிறுத்திவிடுகிறது.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று சொல்வதுண்டு. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், அந்தோணியோ எழுதும் கடிதத்திலேயே இந்த அமைப்பு வருகிறது. 'மீ' என்றால் பாமரப் பேச்சு, 'ஐ' என்றால் நாகரிகம் என்னும் எண்ணத்தால், தேவையில்லாத இடத்திலும் 'ஐ'யைப் போடுவோர் இன்றும் பலர். சிரிப்புக்கு அஞ்சி நான் பூண்ட விரதமும் இதே வகைதான்.

இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. தமிழில் இருவரை இணைக்கும்போது 'உம்' சேர்க்கிறோம். அந்த 'உம்' சேரும் முன் ஒவ்வொரு பெயரும் தன் தன் உருபைத் தனித்தனியே பெற்றாக வேண்டும். 'என் நண்பனையும் என்னையும் வழிநடத்தினார்' என்போம். 'என் நண்பனையும் நானையும் வழிநடத்தினார்' என்று தமிழ்க் குழந்தைகூடச் சொல்லாது. 'நானை' என்று ஒரு சொல்லே தமிழில் இல்லை, 'நானுக்கு' இல்லை, 'நானால்' இல்லை. 'நான்' எந்த உருபையும் ஏற்காது. ஆங்கிலத்தில் எத்தனை பேரை இணைத்தாலும் தமிழில் தூரம் பிறப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் அடையாளத்தைத் தம் முதுகிலேயே சுமந்து நிற்கிறார்கள்.

எனவே சோதனை இதுதான். ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நானும்' என்று வந்தால் 'ஐ'. 'என்னையும், எனக்கும், என்னாலும், என்னோடும்' என்று வந்தால் 'மீ'.

'நண்பனும் நானும் செய்தோம்': 'மை ஃபிரெண்ட் அண்ட் ஐ டிட் இட்'.
'உனக்கும் எனக்கும் இடையே': 'பிட்வீன் யூ அண்ட் மீ'.
'அவனுக்கும் அவளுக்கும் கொடுத்தார்': 'கேவ் இட் டு ஹிம் அண்ட் ஹர்'.
'மாணவர்களாகிய நாம் கேட்கிறோம்': 'வீ ஸ்டூடண்ட்ஸ் ஆஸ்க்'.
'மாணவர்களாகிய எங்களைக் கேட்டார்கள்': 'தே ஆஸ்க்ட் அஸ் ஸ்டூடண்ட்ஸ்'.

கடைசி இரண்டிலும் 'வீ'யா 'அஸ்'ஸா என்று ஆங்கிலத்திலேயே யோசித்தால் தலை சுற்றும். தமிழில் சொன்னால் கணத்தில் தெளிவாகும்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்கள்

எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுகோலின் பிழையை அறியாதவன் அளவீட்டை நம்பக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற்பாடம். நம் சோதனைக்கும் மூன்று விலக்குகள் உண்டு.

முதலாவது, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வேண்டும்' என்கிறோம். பசி, அறிவு, விருப்பம் ஆகியவை நம்மிடம் வந்து சேர்வனவாகத் தமிழ் கருதுகிறது. மராத்தியும் அப்படியே, 'மலா பூக் லாகலீ' என்றால் 'எனக்குப் பசிக்கிறது'. ஆனால் இன்றைய ஆங்கிலம் இங்கெல்லாம் 'ஐ' என்றே சொல்லும்: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ வான்ட்'. பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே 'எனக்குப் பசிக்கிறது' என்னும் அமைப்பைக் கொண்டிருந்தது. அது பின்னர் மாறிவிட்டது. 'என்னால் முடியும்' என்பதும் இவ்வகையே. 'ஐ கேன்' என்பதே வழக்கு.

இரண்டாவது, ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு செயல் அடங்கியிருக்கும் இடங்கள். 'அவன் போவதைப் பார்த்தேன்' என்பதில் 'அவன்' எழுவாய்போல் நிற்கிறான். 'போவதை' என்பதே உருபை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்திலோ 'ஐ சா ஹிம் கோ'. 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதும் 'ஐ வான்ட் ஹிம் டு கம்' என்றே வரும்.

மூன்றாவது, 'லெட்'. 'நீயும் நானும் போவோம்' என்பது தமிழ். ஆங்கிலத்தில் 'லெட்' என்பதன் பொருள் 'விடு'. 'நம்மைப் போகவிடு' என்பதுபோல 'லெட் அஸ் கோ' என்கிறார்கள். ஆகவே 'லெட் யூ அண்ட் மீ கோ' என்பதே இலக்கணம்.

இம்மூன்றையும் நினைவில் கொண்டால் போதும். மற்ற இடங்களில் பெரும்பாலும் தமிழை நம்பி நடக்கலாம்.

அறிஞரும் மாறுபடும் இடங்கள்

கதவுக்கு வெளியே நிற்பவனை 'யாரது?' என்று கேட்டால், நாம் 'நான்தான்' என்போம். ஆங்கிலத்தில் 'இட் இஸ் ஐ' என்பதா, 'இட் இஸ் மீ' என்பதா? பழைய இலக்கண நூல்கள் 'ஐ' என்றே விதித்தன. 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணமும், 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய இலக்கணமும் 'இருத்தல்' வினைக்கு முன்னும் பின்னும் ஒரே வேற்றுமை வர வேண்டும் என்னும் லத்தீன் மரபைப் பின்பற்றின. ஆனால் மக்கள் வாயில் 'இட்ஸ் மீ' என்பதே வழங்குகிறது. இன்றைய இலக்கணிகள் பேச்சில் அதை ஏற்கிறார்கள். தொலைபேசியில் 'இட் இஸ் ஐ' என்றால் நண்பன் நகைப்பான். 'மீ' என்றே சொல்லுங்கள்.

நம் நாட்டு மாணவர்களின் வேதநூலாக விளங்கும் ரென் – மார்ட்டின் இலக்கணத்தை எழுதியவர்களில் ஒருவரான பி. சி. ரென், அன்றைய பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியில் இருந்தவர். 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்னும் வீரசாகச நாவலை எழுதியவரும் அவரே. நம்மைப் பாடாய்ப்படுத்தும் இலக்கணத்தையும் இளைஞர் மயங்கிப் படித்த கதையையும் ஒரே கை எழுதியது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது!

அடுத்தது 'தேன்' என்னும் ஒப்பீட்டுச் சொல். நம் தேன் இனிக்கும். ஆங்கிலத் 'தேன்' குழப்பும். 'அவன் என்னைவிட உயரமானவன்' என்பதை 'டாலர் தேன் ஐ' என்று பழைய நூல்கள் சொல்லும். 'டாலர் தேன் மீ' என்று பேச்சு சொல்லும். இரண்டும் வழக்கில் உள்ளவை. ஆனால் 'ஹீ லைக்ஸ் கண்ணன் மோர் தேன் ஐ' என்றால், 'கண்ணனை நான் விரும்புவதைவிட அவன் அதிகம் விரும்புகிறான்' என்பது பொருள். 'தேன் மீ' என்றால், 'என்னை விரும்புவதைவிடக் கண்ணனை அதிகம் விரும்புகிறான்' என்பது பொருள். இங்கே தமிழும் உதவாது. 'என்னைவிட' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் இடம் தரும். ஐயம் வரும் இடத்தில் 'தேன் ஐ டூ' என்று வினையையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

'ஹூ', 'ஹூம்' இரண்டும் 'யார்', 'யாரை' என்பவையே. வினாவில் தொல்லையில்லை. ஆனால் 'வந்த மாணவன்', 'நான் சந்தித்த மாணவன்' என்று நாம் பெயரெச்சத்தால் சொல்லும் இடங்களில் ஆங்கிலத்துக்கு இச்சொல் வேண்டும். பெயரெச்சத்தைப் பிரித்துப் பாருங்கள். 'அவன் வந்தான்': எனவே 'தி ஸ்டூடண்ட் ஹூ கேம்'. 'நான் அவனைச் சந்தித்தேன்': எனவே 'தி ஸ்டூடண்ட் ஹூம் ஐ மெட்'. பேச்சில் 'ஹூம்' இன்று அருகிவிட்டது. ஆய்வேடு எழுதும்போது, 'வித் ஹூம்', 'டு ஹூம்' என்று வரும் இடங்களில் மட்டும் தவறாமல் காத்துக்கொள்ளுங்கள்.

'மைசெல்ஃப்' என்னும் புகலிடம்

'ஐ'யா 'மீ'யா என்று தெரியாதவர்கள் தஞ்சம் புகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் 'மைசெல்ஃப்'. 'மைசெல்ஃப் முருகன்' என்று அறிமுகம் செய்துகொள்வதும், 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று கடிதம் எழுதுவதும் நம் நாடெங்கும் காண்பன. 'மைசெல்ஃப்' வரும் முதன்மையான இடம், செய்தவனும் செய்யப்பட்டவனும் ஒருவனேயாகும் இடம்: 'ஐ கட் மைசெல்ஃப்', அதாவது 'என்னை நானே வெட்டிக்கொண்டேன்'. 'நானே செய்தேன்' என்று அழுத்திச் சொல்லவும் அது வரும்: 'ஐ டிட் இட் மைசெல்ஃப்'. மற்ற இடங்களில் 'ஐ ஆம் முருகன்' என்றும், 'கான்டாக்ட் மீ' என்றும் நேராகச் சொல்வதே அழகு.

சிறு பயிற்சி

கீழ்வரும் ஐந்தையும் தமிழில் சொல்லிப் பார்த்துக் கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. ஹீ கேவ் தி கீ டு கண்ணன் அண்ட் ––– (ஐ, மீ).
2. ––– அண்ட் ஐ ஆர் ரூம்மேட்ஸ் (ஹீ, ஹிம்).
3. தே இன்வைட்டட் ––– தமிழ் ஸ்டூடண்ட்ஸ் (வீ, அஸ்).
4. ஐ வான்ட் ––– டு ஸ்பீக் (ஷீ, ஹர்).
5. தி டீச்சர் ஹெல்ப்ட் யூ அண்ட் ––– (ஐ, மீ).

விடைகள்: மீ, ஹீ, அஸ், ஹர், மீ. நான்காவதில் தவறியவர்கள் விலக்குகளை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

முடிவாக ஒரு சொல்

நேர்முகத் தேர்வில் கேட்ட சிரிப்பு என்னை நெடுநாள் விடவில்லை. அதன் பின் எங்கள் துறையில் நடந்த கருத்தரங்குகளிலெல்லாம் நான் கடைசி வரிசையில் வாய் மூடி அமர்ந்திருந்தேன். ஒருநாள் ஒருவர் தம் அளவீடுகளை விளக்கிக்கொண்டிருந்தார். வெற்றுக் கரைசலின் அளவைக் கழித்தாரா என்பது அவர் காட்டிய படத்தில் தெரியவில்லை. கழிக்காவிட்டால் முடிவே மாறிவிடும். கேட்க வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்தேன். 'ஐ'யா 'மீ'யா, 'ஹீ'யா 'ஹிம்'மா என்று அடித்து அடித்து எழுதினேன். அதற்குள் முன்வரிசையிலிருந்த மராத்தி நண்பர் ஒருவர் எழுந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். அவர் ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சாளர் சற்று நின்று, "இல்லை, கழிக்கவில்லை, நல்ல கேள்வி" என்றார்.

அன்று இரவுதான் நான் இலக்கணத்தைக் கையில் எடுத்தேன். பிறர் சிரிப்பார்களே என்பதற்காக அன்று. இனி ஒரு கேள்வியும் என் நெஞ்சுக்குள்ளேயே செத்துப்போகக் கூடாது என்பதற்காக.

1967இல் பிட் கார்டர் என்னும் மொழியியலார், மொழி கற்பவனுடைய பிழைகள் வெறும் குற்றங்கள் அல்ல, அவன் எவ்வாறு கற்கிறான் என்பதற்குச் சான்றுகள் என்று எழுதினார். என் இரு பிழைகளையும் இப்போது அவ்வாறே காண்கிறேன். முதற்பிழை, இணைத்துச் சொல்லும்போது காது வழிகாட்டாது என்பதைக் காட்டியது. இரண்டாம் பிழை, அச்சத்தால் வகுத்துக்கொண்ட விதி அறிவால் வகுத்த விதி ஆகாது என்பதைக் காட்டியது.

நண்பர்களே! ஊரைவிட்டு வந்தபோது தமிழை நாம் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அது நம் சுமையும் அன்று. ஆங்கிலம் பேச எழும்போது ஐயம் தோன்றினால், 'நானா, என்னையா?' என்று உள்ளத்துக்குள் ஒருமுறை கேளுங்கள். விடை தானே வரும். வராவிட்டாலும் எழுந்து பேசுங்கள். பிழையைத் திருத்திக்கொள்ள நாளை உண்டு. கேளாமல் விட்ட கேள்விக்கு நாளை இல்லை.